செவிச் சாட்சியும் அளவுகோலும்

வீட்டில் இசை கேட்பதற்கென விற்கப்படும் கருவிகளைக் குறித்து உலகின் பல நாடுகளிலும் நெடிய வழக்கு ஒன்று நடந்து வருகிறது. ஆம்பிளிஃபயர், ஸ்பீக்கர், இசைத்தட்டுச் சுழலி, குறுந்தட்டு இயக்கி, இவற்றை இணைக்கும் கம்பி ஆகியவற்றுள் எது நன்று, எது தீது எனத் தீர்ப்பளிக்கும் உரிமை எவருக்கு உண்டு என்பதே வழக்கின் பொருள். ஆய்வுக்கூடத்து அளவுகோலுக்கே அவ்வுரிமை என்பர் ஒரு சாரார். கேட்போரின் செவிக்கே என்பர் மறு சாரார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வழக்கு முடிந்தபாடில்லை.

செல்வம் படைத்தோரின் பொழுதுபோக்குச் சண்டை இது, நமக்கென்ன என்று வாசக அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். 'நான் கேட்டேன், ஆகவே அஃது உண்மை' என்று ஒருவர் கூறும் சாட்சியம் எந்நிலையில் பிறரையும் கட்டுப்படுத்தும் என்ற வினா இதன் அடியில் கிடக்கிறது. அச்சாட்சியத்தை நம்பிப் பணப்பையைத் திறப்பவர் எல்லாரும் செல்வரும் அல்லர்.

நமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தமக்குக் கிடைத்த பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு நல்லதோர் இசைக்கருவி வாங்கப் பெருநகரக் கடை ஒன்றிற்குச் சென்றார். ஸ்பீக்கரை இணைக்கும் சாதாரணக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள கம்பியை மாட்டிக் காட்டிய விற்பனையாளர், "வித்தியாசம் தெரியுதா சார்?" என்றார். தெரியவில்லை என்று ஆசிரியர் உள்ளபடியே உரைத்தார். "காது இன்னும் பழகல சார், பழகப் பழகத் தெரியும்" என்பது கிடைத்த மறுமொழி. வெண்பாவில் ஓரிடத்தில் தளை தட்டினாலும் அக்கணமே உணர்ந்து புருவம் நெறிக்கும் செவி அவருடையது. அன்று அவர் கம்பியையும் வாங்கினார். தம் செவி குறையுடையது என்ற எண்ணத்தையும் சேர்த்தே வாங்கி வந்தார். இந்த இரண்டாவது கொள்முதலே நம்மை எழுதத் தூண்டுகிறது.

நமது நிலைப்பாட்டை முதற்கண் உரைத்துவிடுகிறோம். அளவுகோலுக்கும் செவிக்கும் இடையே உள்ளதாகச் சொல்லப்படும் பகை கற்பிதமானது. உண்மையான பகை செவிக்கும் கண்ணுக்கும் இடையே உள்ளது. கருவியின் பெயரும் விலையும் தோற்றமும் கண்முன் நிற்க, 'என் செவி சொல்கிறது' என்று கூறப்படும் தீர்ப்பைச் செவியின் தீர்ப்பாக ஏற்க நாம் மறுக்கிறோம். அதே வேளையில், எந்தச் செவியாலும் உறுதி செய்யப்படாத எண்ணைக் காட்டி 'இதுவே தரம்' என்று முழங்குவோரையும் மறுக்கிறோம்.

வழக்கின் பிறப்பு

அமெரிக்க நாட்டில் 1962-ஆம் ஆண்டு ஜே. கார்டன் ஹோல்ட் என்பவர் 'ஸ்டீரியோஃபைல்' என்னும் இதழைத் தொடங்கினார். அந்நாளில் இசைக்கருவிகளைப் பற்றி எழுதிய இதழ்கள் பெரும்பாலும் உருக்குலைவு இத்தனை விழுக்காடு, ஆற்றல் இத்தனை வாட் என எண்களை அடுக்கிவிட்டு நின்றுவிடும். கருவி இசையை எவ்வாறு ஒலிக்கிறது என்பதையன்றோ முதலில் சொல்ல வேண்டும் என்று ஹோல்ட் கேட்டார். அக்கேள்வி நேர்மையானது. 1973-இல் ஹாரி பியர்சன் 'தி அப்சொல்யூட் சவுண்ட்' என்னும் இதழைத் தோற்றுவித்தார். மின்கருவியின் துணையின்றி ஓர் அரங்கில் நேரடியாக ஒலிக்கும் இசையே உரைகல், கருவி அதற்கு எவ்வளவு நெருங்குகிறது என்பதே அளவை என்பது அவரது கோட்பாடு. இதுவும் பழுதற்றதே.

பழுது பின்னர் நுழைந்தது. கேட்டு உரைப்பது என்ற நல்ல வழக்கம், எவ்விதக் கட்டுப்பாடும் இன்றிக் கேட்டு உரைப்பது என்றாயிற்று. விமர்சகர் தம் இல்லத்தில், தம் நாற்காலியில், கருவியின் பெயர்ப்பலகையைப் பார்த்தவாறே கேட்டு, 'திரை ஒன்று விலகியது போல் இருந்தது' என்று எழுதுவார். ஆண்டுதோறும் திரைகள் விலகிக்கொண்டேயிருந்தன. ஆண்டுதோறும் விலையும் ஏறியது. அளவுகோலின் துணையால் மறுக்க முற்பட்டோரை 'செவியற்றோர்' என்று எள்ளுவது வழக்கமாயிற்று. இவ்வியக்கத்தின் தந்தையாகிய ஹோல்ட் அவர்களே 2007-ஆம் ஆண்டு அளித்த நேர்காணலில், திரையிட்டுச் சோதித்தல் போன்ற அடிப்படை நேர்மைக் கட்டுப்பாடுகளுக்கு உடன்பட மறுத்ததால் உயர்விலைக் கருவி உலகம் நம்பகத்தன்மையை இழந்தது என்று மனம் வருந்திக் கூறினார். இன்றைய சீடர்கள் ஆசானின் பெயரைப் போற்றுகின்றனர்; அவரது இறுதிக்காலக் கண்டனத்தை மறந்துவிடுகின்றனர்.

கண்ணை மூடினால் என்ன நிகழ்கிறது?

'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய்' என்பது நம் பாட்டிமார் வழங்கிய மொழி. அவ்வாறு தீர விசாரித்தோர் கண்டவற்றை நிரல்படக் காண்போம்.

ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய இரு ஆய்வாளர் 1994-இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்பீக்கர் உற்பத்தி நிறுவனம் ஒன்றின் பணியாளர் 40 பேர் நான்கு வகை ஸ்பீக்கர்களைக் கேட்டு மதிப்பெண் இட்டனர். ஒருமுறை அவை திரைக்குப் பின்னால் இருந்தன. மற்றொரு முறை கண்முன் இருந்தன. திரை விலகியதும், பெரியனவாயும் அழகியனவாயும் இருந்தவற்றின் மதிப்பெண் ஏறியது. நெகிழிப் பெட்டியில் அடங்கிய சிறிய, மலிவான கருவியின் மதிப்பெண் இறங்கியது. இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது பிறிதொன்று உண்டு. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி மாறும். திரையிட்ட நிலையில் கேட்டோர் அம்மாற்றத்தை நன்கு உணர்ந்தனர். பெட்டியைக் கண்ணால் கண்டு கேட்டபோதோ, உண்மையாகவே நிகழ்ந்த அந்த ஒலிமாற்றம் அவர்களது மதிப்பெண்ணில் பெரிதும் மறைந்தது. கண் இல்லாததைச் சேர்த்துச் சொல்வதோடு அமையாமல், இருப்பதையும் கேளாதபடி செவியை அடைத்துவிடுகிறது. கண்ணை மூடச் சொல்வோர் செவியை இழிவுபடுத்துவோர் என்று பழிக்கின்றனரே, செவிக்கு உரிய மதிப்பை மீட்டுத் தருபவர் யார் என்பதை இச்சோதனையே காட்டுகிறது.

'ஸ்டீரியோ ரிவியூ' இதழ் 1987-இல் ஏறத்தாழ 200 டாலர் விலையுள்ளது முதல் 12,000 டாலர் விலையுள்ளது வரையான ஆம்பிளிஃபயர்களை ஒப்பிட்டது. ஒலியளவைச் சமப்படுத்தி, பெயரை மறைத்துக் கேட்கச் செய்தபோது, ஐயுறுவோர் மட்டுமன்று, வேறுபாடு உண்டென உறுதியாக நம்பியோரும் ஒன்றினின்று மற்றொன்றை நம்பத்தக்க அளவில் பிரித்தறியவில்லை. குறுந்தட்டின் தரம் போதாது, அதனினும் நுண்ணிய பதிவே வேண்டும் என்ற முழக்கத்தை மேயர், மோரன் இருவரும் 2007-இல் சோதித்தனர். உயர்நுட்பப் பதிவின் ஒலியை ஒருமுறை நேராகவும், ஒருமுறை குறுந்தட்டின் தரத்திற்குக் குறைத்தும் கேட்பித்தனர். 554 முயற்சிகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 276. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கை கிட்டும்.

இசைக்கருவி விற்போர் உலகில் மட்டுமே இவ்வாறு நிகழ்வதாக எண்ண வேண்டாம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 2010-இல் 21 வயலின் கலைஞர்கள், ஒளி புகாக் கண்ணாடி அணிந்து ஆறு வயலின்களை வாசித்துத் தேர்ந்தனர். அவற்றுள் மூன்று, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி என்னும் இத்தாலிய மேதைகளின் பழங்கருவிகள்; மூன்று அண்மைக் காலத்தவை. மிகுந்த விருப்பத்தைப் பெற்றது புதிய கருவி ஒன்று. மிகக் குறைந்த விருப்பத்தைப் பெற்றது ஸ்ட்ராடிவாரி ஒன்று. வாழ்நாளெல்லாம் வயலினோடு வாழ்வோர் செவிக்கே பெயர் இத்துணைப் பெரிய சுமையாகும் எனில், பிறர் நிலையை என்னென்பது?

அண்மையில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 'மொபைல் ஃபிடெலிட்டி' என்னும் அமெரிக்க நிறுவனத்தின் இசைத்தட்டுகள், எண்முறைப் பதிவின் கலப்பே அற்றவை என நம்பப்பட்டு உயர்ந்த விலைக்கு விற்றன. எண்முறைப் பதிவில் உயிர் இல்லை, அதன் சுவடு பட்டாலே தம் செவி கண்டுகொள்ளும் என்று கூறிவந்த பலரும் அவற்றை வானளாவப் புகழ்ந்தனர். அத்தட்டுகளுள் பல, 2011 முதலே எண்முறைப் பதிவின் வழியாகத் தயாரிக்கப்பட்டவை என்ற செய்தி 2022-இல் வெளிப்பட்டது. பதினோர் ஆண்டுகள்! பொன்னாலான செவிகள் பதினோர் ஆண்டுகளாக வாய் திறக்கவில்லை. செய்தி வந்த பின்னரே சிலருக்கு ஒலியில் குறை தெரியத் தொடங்கியது.

அளவுகோலின் அகந்தை

இதுகாறும் நாம் கூறியவற்றைக் கேட்டு அளவுகோலார் மகிழ்ந்திருக்கக் கூடும். அவர்கள் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் ஹெரால்ட் லீக் என்பவர் 1945-இலேயே உருக்குலைவு 0.1 விழுக்காடு மட்டுமே உள்ள ஆம்பிளிஃபயரை உருவாக்கினார். 1970-களில் டிரான்சிஸ்டர் கருவிகளைத் தயாரித்த நிறுவனங்கள் 0.05, 0.01, 0.005 எனப் பந்தயம் ஓடின. எண் சிறுத்தது, ஆயினும் அக்காலக் கருவிகள் சில, இசை விரைந்து எழும் இடங்களில் கரகரப்பதாகக் கேட்போர் முறையிட்டனர். எண்ணைக் காட்டி அவர்கள் வாயை அடைத்தனர். பின்லாந்துப் பொறியாளர் மாட்டி ஒட்டாலா 1970-இல் இதற்கொரு விளக்கம் தந்தார். ஓயாது ஒலிக்கும் ஒரே சுருதியைக் கொண்டு அளக்கும்போது தோன்றாத உருக்குலைவு, திடீரென எழும் ஒலியின்போது தோன்றக் கூடும். கருவியின் உட்சுற்று அவ்விரைவுக்கு ஈடுகொடுக்க இயலாமையே காரணம். அதன் பின்னர் அவ்விரைவை அளக்கும் முறையும் பொறியாளர் வழக்கில் வேரூன்றியது. இங்கே செவி முன்னே சென்றது. அளவுகோல் பின்னே வந்தது.

உருக்குலைவின் மொத்த விழுக்காடு ஒன்றே போதாது, அதன் எப்பகுதி செவியை எவ்வளவு உறுத்தும் என்பதையும் எடை போட வேண்டும் என்று பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் ஷார்ட்டர் 1950-லேயே எழுதியிருந்தார். ஆயினும் விளம்பரத்தில் அச்சிட எளிதான ஒற்றை எண்ணையே வணிகம் பற்றிக்கொண்டது. இன்று அதே பந்தயம் வேறு பெயரில் நடக்கிறது. இரைச்சலும் உருக்குலைவும் இசையினின்று எத்தனை டெசிபல் கீழே உள்ளன என்ற ஒரே எண்ணை வைத்துக் கருவிகளை வரிசைப்படுத்துகின்றனர். 120 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நள்ளிரவில் அமைதியாயுள்ள வீட்டிலும் ஏறத்தாழ 30 டெசிபல் சந்தடி இருக்கும். மின்விசிறி சுழன்றால் இன்னும் கூடும். அவ்வீட்டில் 115-க்கும 120-க்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் போற்றிப் பழைய கருவியைத் தூக்கியெறிபவர், பொற்கம்பி வாங்குபவரினும் எவ்வகையில் தெளிந்தவர்?

நம் நாட்டினர் எண்ணின் ஏமாற்றை நன்கு அறிவர். 1990-களில் கடைத்தெருவெங்கும் அடுக்கப்பட்டிருந்த ஒலிநாடாப் பெட்டிகளின் மேல் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பொன்னிறத்தில் பொறித்திருந்ததை மறந்திருக்க மாட்டோம். 12 வோல்ட், 2 ஆம்பியர் மின்சாரத்தில் இயங்கும் பெட்டி உள்வாங்குவதே 24 வாட். 24 வாட்டை உண்டு 1000 வாட்டை உமிழும் பெட்டியை எவரும் படைத்ததில்லை. இமைப்பொழுதின் சிறு கூற்றில் எழக்கூடிய உச்சத்தை ஏட்டளவில் கணக்கிட்டு ஊதிப் பெருக்கிய எண் அது. இத்தகைய ஊதல்களைத் தடுக்கவே அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974-இல், ஆம்பிளிஃபயரின் ஆற்றலை எந்நிலையில் அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி வகுத்தது. 2024-இல் அதனைத் திருத்தி வலுப்படுத்தியது. எந்நிலையில், எதைக் கொண்டு, எதற்காக அளக்கப்பட்டது என்று சொல்லாத எண், எண்ணுருக் கொண்ட விளம்பரமே.

எண்ணை மட்டும் நம்புவோர் விடைகூற வேண்டிய வினா இன்னொன்றும் உண்டு. எம்.பி.3 என்னும் சுருக்கப் பதிவை உருவாக்கியோர், இசையினும் வெறும் 13 டெசிபல் மட்டுமே தாழ்ந்த இரைச்சலை அதனுள் சேர்த்தாலும், செவி உணராத இடங்களில் அதனைப் பதுக்கி வைத்தால் கேட்போர் ஏறத்தாழ எதையும் உணர்வதில்லை என்று காட்டினர். பழைய அளவுகோலின்படி அது குப்பை. செவியின்படி அது இசை. அதே முறையைச் செப்பம் செய்த ஜெர்மானிய ஆய்வாளர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா என்னும் பாடகி துணைக்கருவியின்றித் தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாடலைத் தம் முறையில் சுருக்கிக் கேட்டபோது, அக்குரல் சிதைந்து ஒலிக்கக் கண்டார். அப்பாடலை மீண்டும் மீண்டும் கேட்டே அம்முறையைத் திருத்தினார். செவியின் துணை இல்லாத அளவுகோல் எவ்வளவு குருடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறுப்புகளும் மறுமொழிகளும்

செவிச் சாட்சியத்தை உயர்த்துவோர் நம்மை நோக்கி எழுப்பக்கூடிய மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் மறுப்பு: 'திரையிட்ட சோதனை மனத்தை இறுக்குகிறது, சில நிமிடங்களில் நுண்மை புலப்படாது, மாதக்கணக்கில் கேட்டாலன்றி உண்மை தெரியாது.' இதில் ஒரு பாதியை ஏற்கிறோம். சோதனைகள் பல குறையுடையன. 2016-இல் இலண்டனின் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஜோஷுவா ரைஸ், உயர்நுட்பப் பதிவு பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்து, 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் 52.3 விழுக்காடு சரியாக இருந்தன என்று கண்டார். தற்செயலினும் சிறிது கூடுதல். பயிற்சி பெற்றோரிடம் இன்னும் சற்று உயர்ந்தது. ஆகவே 'எவருக்கும் எதுவும் கேளாது' என்று அடித்துப் பேசுவது தவறு. ஆனால் 52 விழுக்காட்டுக்கும் 'இரவும் பகலும் போன்ற வேறுபாடு' என்ற விமர்சகர் மொழிக்கும் இடையே எவ்வளவு தொலைவு! மேலும், திரையை மாதக்கணக்கில் வைத்துக் கேட்பதை எவரும் தடுக்கவில்லை. பெயரை மறைப்பதுதான் நிபந்தனை, காலத்தைச் சுருக்குவதன்று. திரை போட்டதும் மறைந்து, திரை விலகியதும் திரும்பி வரும் நுண்மை எங்கே குடியிருந்தது என்பதை அவர்களே சொல்லட்டும்.

இரண்டாம் மறுப்பு: 'இசை உள்ளத்தைத் தொடுவது, அதனை எண்ணால் அளக்கலாமா?' இங்கே இரு பொருள்கள் குழம்பிக் கிடக்கின்றன. பாடலின் அழகை எண்ணால் அளக்க எவரும் முற்படவில்லை. அளக்கப்படுவது பாடல் அன்று. அதனைச் சுமந்து வரும் வண்டி. சுமந்து வந்ததில் எதைச் சிந்தியது, எதைக் கலந்தது என்பது உண்மை நிலையைப் பற்றிய வினா, விருப்பத்தைப் பற்றியதன்று. இசையின் மாண்பைக் கம்பியின் மேல் ஏற்றி, கம்பியை ஐயுறுவோன் இசையை அறியாதவன் என்று கூறுவது வாதமன்று, மிரட்டல்.

மூன்றாம் மறுப்பு: 'எனக்கு இன்பம் தருகிறது, உமக்கென்ன இழப்பு?' உமது இன்பத்தோடு நமக்குப் பிணக்கே இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அழகிய பெட்டியைக் கண்டு மகிழ்வதும் மகிழ்ச்சியே. அதை அழகிய பெட்டி என்றே சொல்லி மகிழலாம். ஆனால் உமது இன்பத்தை ஒலியின் உண்மை என்று அச்சிட்டுப் பிறர்க்கு அறிவிக்கும் கணத்திலே நீர் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறீர். சாட்சி சொல்வோனுக்குத் தன் சொல்லைச் சோதிக்க ஒப்புக்கொடுக்கும் கடமை உண்டு.

நான்காம் மறுப்பு: 'அளக்க முடியாதவையும் உண்டு.' உண்டு, ஒட்டாலாவின் காலத்திலும் அளக்கப்படாதது ஒன்று இருந்தது. பெயர் அறியாத நிலையிலும் மீண்டும் மீண்டும் செவி பிரித்தறிகின்ற வேறுபாடு இருக்குமாயின், அளவுகோலார் தலைவணங்கிப் புதிய அளவை தேடக் கடமைப்பட்டவர். அதற்கு முதற்படி, இருட்டில் பிரித்தறிந்து காட்டுவது. அப்படியைத் தாண்டாமல் 'அறிவியலுக்கு அப்பாற்பட்டது' என்று ஓடி ஒளிவது, வழக்கை நடத்த மறுத்துத் தீர்ப்பை மட்டும் கேட்பதாகும்.

நாம் நமக்கே எழுப்பிக்கொள்ளும் மறுப்பும் ஒன்று உண்டு. இருட்டு மட்டும் போதுமா? 1915 முதல் தாமஸ் எடிசனின் நிறுவனத்தார் ஊர் ஊராகச் சென்று, பாடகியரை இசைப்பெட்டியின் அருகில் நிறுத்திப் பாடச் செய்தனர், விளக்குகளை அணைத்தனர், பாடுவது பாடகியா பெட்டியா என்று அவையோர் அறியாமல் திகைத்தனர். மின்முறைப் பதிவு தோன்றாத, கொம்பின் வழியே ஒலி வந்த காலம் அது. பாடகியர் தம் குரலைப் பெட்டியின் குரலுக்கு இணங்கக் குறைத்துப் பாடினர் என்பதைப் பங்கேற்ற ஒருவரே பின்னாளில் வெளிப்படுத்தினார். விற்பவரின் கையில் விளக்கும் இருந்தால் இருட்டும் ஏமாற்றும். எனவே பெயரை மறைத்தல், ஒலியளவைச் சமப்படுத்தல், பன்முறை மாற்றிக் கேட்டல், விற்பனையில் பங்கில்லாதோர் நடத்துதல் ஆகிய யாவும் ஒருங்கே வேண்டும். ஒலியளவு சிறிதளவு கூடினாலே செவி அதனைத் தரத்தின் உயர்வு என்று கொள்ளும். கடைக்காரர் கை எப்போதும் ஒலிக்குமிழின் மேல் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அன்றோ!

செவிகளின் அவை

அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இப்பகை தானே கரைந்துவிடும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் வாலஸ் சாபைன், பேச்சே விளங்காதபடி முழங்கிய விரிவுரை மண்டபம் ஒன்றைச் சீர்செய்யப் பணிக்கப்பட்டார். தெருச் சந்தடி அடங்கிய நள்ளிரவுகளில் ஆர்கன் குழலை ஊதச் செய்து, ஒலி முற்றும் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று தம் செவியாலே கேட்டுக் கடிகையால் குறித்தார், 5.5 நொடி. அருகிலிருந்த அரங்கின் மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, மெத்தை கூடக் கூட நொடி குறைவதைக் கணக்கிட்டார். அக்கணக்கின் துணையால் 1900-இல் எழுந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் இன்றும் உலகின் தலைசிறந்த இசையரங்குகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஒலியியலின் அந்த முதல் அளவுகோல் மனிதச் செவியே.

1933-இல் ஃபிளெட்சர், மன்சன் இருவரும், ஒலி தாழும்போது செவி அடிக்குரல் ஒலிகளை மிகுதியாக இழக்கிறது என்பதைக் கேட்போர் பலரைக் கொண்டு வரைபடமாக்கினர். நம் வீட்டு ஆம்பிளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்ற பொத்தான் இருப்பது அதனால்தான். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் நடத்திய சோதனைகள், திரையிட்டுக் கேட்கும்போது மக்களின் விருப்பம் பெரிதும் ஒன்றுபடுகிறது என்று காட்டின. எந்தச் சுருதியையும் மிகைக்காமலும் குறைக்காமலும், நேரேயும் பக்கங்களிலும் சீராக ஒலிக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் தேர்ந்தனர். ஷான் ஆலிவ் 2004-இல் 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை மட்டுமே கொண்டு, கேட்போர் எதை விரும்புவர் என்பதை 0.86 என்ற உயர்ந்த தொடர்புக் கெழுவுடன் முன்னுரைக்க முடிந்தது. அந்த அளவீடுகளுக்குப் பொருள் தந்தவை பலருடைய செவிகளே. நல்ல அளவுகோல் என்பது, பெயரும் விலையும் அறியாமல் கேட்ட பலர் கூடிய அவையின் தீர்ப்பு. அதற்கு எதிராக நிற்பவர், பெயரையும் விலையையும் அறிந்து தனித்துக் கேட்ட ஒருவர்.

'காது இன்னும் பழகவில்லை' என்று சொல்லப்பட்ட ஆசிரியருக்கு உரிய விடையும் இதே ஆய்வுகளில் உண்டு. 2003-இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில், விற்பனையாளர், விமர்சகர், மாணவர் எனப் பயிற்சியற்ற இருநூறுக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பயிற்சி பெற்றோர் தம் தீர்ப்பில் விரைவும் உறுதியும் உடையோராய் இருந்தனர் என்பது உண்மை. ஆனால் எந்த ஸ்பீக்கர் முதலிடம், எது கடையிடம் என்ற வரிசையில் பயிற்சியற்றோரும் பெரும்பாலும் அவர்களோடு ஒத்தனர். எளியோர் செவி உயர்ந்தோர் செவிக்குக் கீழானதன்று. ஆசிரியருக்கு வேறுபாடு கேளாதது, போதிய தடிமனுள்ள இரு செம்புக் கம்பிகளுக்கு இடையே கேட்கத்தக்க வேறுபாடு இல்லாமையாலே. அன்று அக்கடையில் உண்மையை உரைத்தவர் அவர் ஒருவரே.

எனவே கருவி வாங்க எண்ணுவோர்க்கு நாம் உரைப்பது இது. பணத்தின் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குக. கருவிகளுள் மிகுதியாக வேறுபடுவது அதுவே. அடுத்து, அறையை நோக்குக. வெறுஞ்சுவரில் கனத்த திரைச்சீலை, தரையில் விரிப்பு, சுவர்மூலையினின்று ஸ்பீக்கரைச் சற்று நகர்த்தி வைத்தல் ஆகிய இவை செய்யும் மாற்றத்தை எந்த விலையுள்ள கம்பியும் செய்யாது. ஆம்பிளிஃபயருக்கு அதன் தொடர் ஆற்றலைக் கேட்டறிக. ஊதிய எண்ணை நம்பற்க. இரண்டில் ஒன்றைத் தேர்வதாயின், வீட்டார் ஒருவரை மாற்றிப் போடச் சொல்லி, எது ஓடுகிறதென்று அறியாமல், ஒலியளவைச் சமமாக வைத்துப் பன்முறை கேட்க. வேறுபாடு தெரியவில்லையெனில், வெட்கமின்றி விலை குறைந்ததை வாங்குக.

கருவிகளைப் பற்றி எழுதுவோரிடம் நாம் வேண்டுவதும் ஒன்றே. திரைக்குப் பின்னிருந்து கேட்டது எது, கண்ணால் கண்டு கேட்டது எது என்பதை ஒவ்வொரு மதிப்புரையிலும் பிரித்து எழுதுங்கள். கேட்க முடியாதவர்களைப் பழிக்கும் சொற்களை விட்டுவிடுங்கள். உங்கள் சொல்லை நம்பித் தம் பணிக்கொடையை எடுத்துச் செல்பவர் அடுத்த வாரமே ஒரு கடையின் படியேறக் கூடும்.